பைசல் ஆகிவிட்ட மனுக்கள்

1

வசந்தகாலத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. நகராட்சியின் வெளிநாட்டவர் பிரிவில் தேங்கிக் கிடந்த மனுக்களின் எண்ணிக்கை அன்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டதாம், அதற்காக.

நான் வட ஜெர்மனியில் ஒரு நகரத்தில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறேன். இங்கே நகராட்சிக்கு வரும் மனுக்களை வாங்கி, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புகிற கணினி ஏற்பாட்டைச் செய்து தரும் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதும் நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்ப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்.

அந்தக் கேக் வெட்டிய வாரம்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். தம்பி மகள் கல்யாணத்துக்காக மன்னார்குடியில் மூன்று வாரம். நான் கிளம்பும்போது நிலுவை மலைபோல் இருந்தது. வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. புதிதாக ஆள் எடுத்தார்களா என்று எங்கள் மேலாளர் லூடர்ஸிடம் கேட்டேன். அவர் வாயில் கேக்கோடு தலையாட்டினார்.

“ஆள் எல்லாம் இல்லை. புது விதி ஒன்று போட்டோம். மனுதாரரிடம் ஏதாவது விவரம் கேட்டுக் கடிதம் போகிறதல்லவா? பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் மனுவை இயந்திரமே மூடிவிடும்.”

“கடிதம் அவர்களுக்குக் கிடைத்ததா என்று யார் பார்ப்பது?”

“அனுப்பியாயிற்றே” என்றார்.

மூடிய மனுவின் மேல் பச்சை எழுத்தில் ‘எர்லெடிக்ட்’ என்று வரும். முடிந்தது, தீர்ந்தது என்று அர்த்தம். நம் ஊர் ரெவின்யூ ஆபீஸில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு: பைசல். அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கேக்கை அப்படியே வைத்துவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

2

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பிரிவில் ஒரே வரிசைதான். மாணவர், அகதி, கல்யாணம் ஆகி வந்தவர், வெறும் முத்திரைக்கு வந்தவர் எல்லோரும் அதில்தான் நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். முதல் தடவை படிவத்தை எழுதி முடித்துவிட்டு, “முடித்துவிட்டேன்” என்பதாக நினைத்து ஜெர்மனில் ஒன்றைச் சொன்னேன். மனு வாங்கும் சன்னலில் இருந்த பெண் பதறி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சொன்னதற்கு “என்னால் இனி முடியாது” என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீரைக் குடித்தேன். அதுவும் பொய்யில்லை.

பிறகு அந்த வரிசையை நாங்கள்தான் பிரித்தோம். சின்ன வேலைக்குத் தனி சன்னல், மாணவருக்குத் தனி நாள், வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொள்ள வசதி. கூட்டம் கூடியபோது இயந்திரங்களைக் கூட்டினோம். இரண்டு கணினியில் ஓடியது நாற்பதில் ஓடியது. ஒரே நாளில் எத்தனை பேர் மனுப் போட்டாலும் திரை உறையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அத்தனை இயந்திரத்துக்கும் பின்னால் மனுவைப் படித்துத் தீர்மானிக்க மனிதர்கள் வேண்டுமல்லவா? நான் சேர்ந்தபோது அவர்கள் பத்தொன்பது பேர். கூட்டம் பல மடங்கு பெருகிய பின்னும் பத்தொன்பது பேர்தான். நாங்கள் செய்ததெல்லாம், மனுக்களை அந்தப் பத்தொன்பது மேசைக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோய்க் கொட்டியது. கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொன்னேன். ஆள் போடுவது நகராட்சி விஷயம், நமக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கடைசியில் மேசையைக் கூட்டாமல் மனுவைக் குறைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

3

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா பெயர் ஆசீர்வாதம். பண்ணையில் கூலி வேலை. லுத்தரன் சபை, ஞாயிற்றுக்கிழமை கோயில் மணியும் அவர்தான் அடிப்பார். எங்கள் தெருவில் முப்பத்திரண்டு குடிசை, முப்பத்திரண்டும் மிராசுதார் நிலத்தில். கூலி கூடக் கேட்டாலோ, கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனாலோ “குடிசையைப் பிரி” என்று ஒரு வார்த்தை வரும். போலீஸ் வேன் வாய்க்கால் பாலத்தில் நின்ற நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

அப்போது ஆட்சி மாறிச் சில வருடம் ஆகியிருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. கருப்பு சிவப்புக் கொடி கட்டிய மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள், யாரும் மனுப் போடவில்லை. பயம். அப்பா மட்டும் ஒரு தாள் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

“எழுதும்மா. இன்னார் மகன் இன்னார், இத்தனை வருசமா இந்த மனையில குடியிருக்கேன்னு எழுது.”

நான்தான் எழுதினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

மனுக்களை வாங்க டவுனில் ஒரு வாடகை வீட்டில் தனி ஆபீஸ் திறந்திருந்தார்கள். அதிகாரி ஒருவர், கிளார்க் ஒருவர். கிளார்க் பெயர் தட்சிணாமூர்த்தி. அப்பாவின் மனு அவருடைய பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர் என் எழுத்தைப் பார்த்து, “யாரு, உன் பொண்ணா எழுதுச்சு? அச்சுக் கணக்கா இருக்கே” என்றாராம். அப்பா அதை வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் பல ஊர்களிலிருந்து மனுக்கள் வந்து குவியத் தொடங்கின. மிராசுதார்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மனுவுக்கு மூன்று ஆட்சேபணை. ஆசீர்வாதம் விவசாயக் கூலியே அல்ல, மணியடிக்கிற கோயில் ஊழியன் என்று ஒன்று. அது குடியிருப்பு மனையே அல்ல, களம் என்று ஒன்று. நிலம் போன வருடமே என் பெயருக்கு வந்துவிட்டது என்று மிராசுதாரின் மைத்துனி பெயரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டீஸ், தனி விசாரணை, தனி வாய்தா. எல்லாவற்றையும் எழுத அந்த ஒரே கிளார்க்.

ஒரு கணினியை முடக்க நினைப்பவர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள். பொய்யான கேள்விகளை ஆயிரக்கணக்கில் அனுப்பி, உண்மையான கேள்விக்குப் பதில் கிடைக்காதபடி செய்கிறார்கள். அதைத் தடுக்க எங்களிடம் ஒரு தனிக் குழுவே இருக்கிறது. தட்சிணாமூர்த்தியிடம் ஒரு பேனாவும் சிவப்பு நாடாவும்தான் இருந்தன.

4

எங்கள் அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்பவர் செலாம். எரித்ரியாவிலிருந்து வந்தவர், நாற்பது வயது இருக்கும். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தினமும் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டுவதால் நன்றாகப் புரியும். கேக் வெட்டி மூன்றாம் நாள் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“எஸ்தர், இதில் முடிந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என் அட்டை வந்துவிட்டதா?”

வாங்கிப் படித்தேன். வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்க அவர் கொடுத்த மனு மூடப்பட்டிருந்தது. விவரம் கேட்டு அனுப்பிய கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. வீடு மாறியதை அவர் முறைப்படி நகராட்சியில் பதிவு செய்திருந்தார், வெளிநாட்டவர் பிரிவு இருக்கும் அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே. அந்தப் பதிவேடும் எங்கள் ஏற்பாடும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

பழைய அட்டை மாதக் கடைசியோடு காலாவதி; புதியது இல்லாவிட்டால் வேலைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். சன்னலில் இருந்த பெண் இளையவள், களைத்துப்போயிருந்தாள். கடிதத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“இது முடிந்துவிட்டதே.”

“முடியவில்லை. கடிதம் தவறான முகவரிக்குப் போயிருக்கிறது. இதோ பதிவுச் சீட்டு. திறந்துவிடுங்கள்.”

“மூடியதைத் திறக்க என் திரையில் வழி இல்லை, அம்மா. புதிதாகத்தான் போட வேண்டும்.”

“பழைய தேதி?”

“புது எண், புது தேதி. வரிசையின் கடைசியில்.”

அவள் பொய் சொல்லவில்லை. அந்தத் திரையை வருடக்கணக்காகச் சரிபார்த்தவள் நான். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திறக்கும் பொத்தான் கிடையாது. அது வேண்டுமென்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு அல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

செலாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சன்னலை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

5

அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது சம்பா நடவு நேரத்தில். விசாரணை நாலாம் தேதி என்று போட்டிருந்தது. தலையாரி அதை எங்கள் வீட்டில் கொடுத்தது எட்டாம் தேதி. ஆறு ஊருக்கு ஒரே தலையாரி, பை நிறைய நோட்டீஸ், சேற்று வரப்பில் நடந்தே வர வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். ஆபீஸில் தரையிலிருந்து சன்னல் உயரத்துக்குக் கட்டுகள். தட்சிணாமூர்த்திக்குக் கண் சிவந்திருந்தது.

“ஐயா, நாலாந் தேதின்னு போட்டிருக்கு. காயிதம் எட்டாந் தேதிதாங்க கையில கெடச்சுது.”

“அதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்? கூப்பிட்டோம், நீ வரல. ஆஜராகலன்னு எழுதிப் பைசல் பண்ணியாச்சு.”

“திரும்பத் தொறக்க முடியாதுங்களா?”

“பைசல் ஆன நம்பரைத் தொறக்க எனக்கு அதிகாரம் கெடையாது. அப்பீல் பண்ணு. தஞ்சாவூர் போகணும்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “இதப் பாருய்யா. மேலேருந்து மாசாமாசம் கேக்குறாங்க. எத்தன மனு வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. எத்தன பாக்கின்னுதான் கேக்குறாங்க. நான் ஒத்த ஆளு.”

அப்பா அசையாமல் நின்றார். அவர் போக மாட்டார் என்று தெரிந்ததும் கிளார்க் சொன்னார்:

“ஆளாளுக்கு ஒரு மனுன்னா ஆளாளுக்கு ஒரு சர்வேயர், ஒரு விசாரணை. யாரால முடியும்? உன் தெருவுல பாக்கிப் பேரெல்லாம் ஒரே மனுவாக் குடுக்கச் சொல்லு. ஒரே நாள்ல அளந்துட்டுப் போயிருவாங்க. ஆட்சேபணை வந்தாலும் ஒரே விசாரணைதான்.”

“அதுல என் பேரயும் சேத்துக்கலாமுங்களா?”

“உன் மனைக்குத்தான் உத்தரவு ஆயிருச்சே. சேத்தா மொத்தமும் அடிபடும்.”

அன்று சாயங்காலமே அப்பா வீடு வீடாகப் போனார். முப்பத்தோரு குடும்பத்தையும் ஒப்புக்கொள்ள வைக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. பயந்தவர்களிடம், “தனியாப் போனாத்தான் கைய முறிப்பாங்க. மொத்தமா வாங்க” என்றார். அந்த மனுவையும் நான்தான் எழுதினேன். முப்பத்தோரு பெயர். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

கிளார்க் சொன்னபடியே நடந்தது. தை மாதம் சர்வேயர் வந்தார். ஒரே நாளில் தெரு முழுக்க அளந்தார். எங்கள் குடிசை நடுவில் இருந்தது. அளவுச் சங்கிலி பக்கத்து வீட்டு வேலியோடு நின்றது. ஆள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வேலியில் மறுபடி பிடித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா அவர்களுக்குக் குடிக்க நீர்மோர் கொடுத்தார்.

முப்பத்தோரு பேருக்கும் பட்டா வந்தது. மிராசுதார் ஆட்களால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கோபம் முழுக்க எங்கள் மேல் திரும்பியது. தஞ்சாவூருக்கு அப்பா ஏழெட்டுத் தடவை போனார். ஒவ்வொரு தடவையும் வாய்தா. நான் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போயிருந்தபோது பண்ணைக் காரியஸ்தர் ஆட்களோடு வந்து நின்றிருக்கிறார். தெரு கூடிவிட்டதாம், சண்டைக்குத் தயாராக. அப்பாதான் வேண்டாம் என்று தடுத்து, குடிசையைத் தானே பிரித்திருக்கிறார். பக்கத்து வீட்டு அந்தோணி தன் பட்டா மனையின் கொல்லையில் கொஞ்சம் இடம் கொடுத்தார். அந்தக் கொல்லையில்தான் அப்பா சாகும்வரை இருந்தார்.

அவர் பெரிய மனதோடு அதை ஏற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. லீவுக்கு வந்த என்னிடம் ஒரு நாள் சொன்னார்: “நான் மொதல்ல போயிருக்கக் கூடாதும்மா.” அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் இருந்த தெருப் பக்கமே அவர் போகவில்லை.

6

என் மகள் மலர் மியூனிக்கில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். உலகம் முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து மோதினாலும் ஏற்பாடு விழாமல் காப்பதுதான் அவள் தொழில். செலாம் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்.

“அம்மா, எந்த சிஸ்டமும் வர்றதெல்லாத்தையும் வாங்கிக்க முடியாது. ஒரு அளவுக்கு மேல போனா கொஞ்சத்தத் தள்ளித்தான் ஆகணும். இல்லன்னா மொத்தமும் படுத்துரும்.”

“யாரைத் தள்ளுவே?”

“பதில் சொல்லாதவங்களை.”

“பதில் சொல்லலையா, லெட்டரே கெடைக்கலையா? அது உன் மெஷினுக்குத் தெரியுமா?”

“நீ ரொம்ப எமோஷனலா எடுத்துக்கறே.”

அப்போதுதான் தாத்தா கதையைச் சொன்னேன். அவளுக்கு முப்பது வயது, அன்று வரைக்கும் சொன்னதில்லை. நடுவில் நிறுத்தி, “பட்டான்னா?” என்று கேட்டாள். வீட்டு மனை உன்னுடையது என்று சர்க்கார் கொடுக்கிற காகிதம் என்றேன். மனு என்ற சொல்லுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. கதை முடிந்தது. அவள் சொன்னாள்:

“அந்த கிளார்க் பாவம்மா. ஒத்த ஆளு எப்படிச் செய்வாரு?”

போனை வைத்துவிட்டேன். என் அப்பா வீடு போன கதையைக் கேட்டவளுக்குக் கிளார்க்தான் கண்ணில் பட்டிருக்கிறார்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் அதிக நாள் ஆனது. மீதிப் பாதிக்குத்தான் கோபம் இன்னும் தீரவில்லை. கிளார்க்கிடம் பாக்கி எத்தனை என்று மட்டும் கேட்டவர்கள் யார்? இப்போது கேக் வாங்கி வந்தவர்கள் யார்?

திங்கட்கிழமை பிழை அறிக்கை ஒன்று எழுதினேன்: ‘மூடிய மனுவைத் திறக்க வழி இல்லை.’ லூடர்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார்.

“இது பிழை அல்ல, எஸ்தர். இது விருப்பம். விருப்பங்களுக்கு வேறு வரிசை இருக்கிறது.”

“அந்த வரிசை எவ்வளவு நீளம்?”

“இரண்டு வருடம் ஆகலாம்.”

நான் விடவில்லை. புதிதாக வந்த மனுக்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். யார் பெயரும் தெரிய வேண்டியதில்லை, அவற்றில் எழுதியிருந்த பழைய அட்டை எண்ணை மூடிய மனுக்களோடு ஒப்பிட்டாலே போதும். மனு மூடப்பட்டவர்கள் எல்லோரும் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள், புது எண்ணோடு, கடைசி இடத்தில். நாங்கள் வேலையைக் குறைக்கவே இல்லை. ஒரே மனுவை இரண்டு தடவை வாங்கிக்கொண்டிருந்தோம். நகராட்சி ஆட்கள் வந்த கூட்டத்தில் இதைக் காட்டினேன். என் ஜெர்மன் அன்று பாதியில் தடுமாறியது, ‘மனு’ என்று இரண்டு தடவை தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர்களில் மூத்தவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “மிகவும் சுவாரஸ்யம்” என்றார். என் விருப்பம் வரிசையில் கொஞ்சம் முன்னால் நகர்த்தப்பட்டது. விதி அப்படியே இருக்கிறது.

செலாமின் வேலை அந்த மாதக் கடைசியோடு போயிற்று. எங்கள் மாடியை இப்போது வேறொருவர் துடைக்கிறார். மலர் பிறகு தானாகவே கூப்பிட்டு, புது மனுவை எப்படி எழுதினால் எந்த விவரமும் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று யோசித்து ஒரு பட்டியல் அனுப்பினாள். அதன்படி எல்லாத் தாளையும் முதலிலேயே இணைத்தோம். இலையுதிர் காலத்தில் அட்டை வந்தது. தபாலில் அனுப்பாமல் நேரில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் போனேன்.

செலாம் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டார். நான் தேதியைப் பார்த்தேன். முதல் மனு கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய தேதி இதற்கு மட்டும் செல்லுபடியாகியிருந்தது. அட்டைக்கு இன்னும் ஐந்து மாதம்தான் ஆயுள். புதுப்பிக்க ஆறு மாதத்துக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும் என்று சன்னலுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது.

அதைச் செலாமுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். என்னால் சிரிக்க முடியவில்லை. சன்னலில் இன்னொரு படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயே காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன்.